தரையில் உட்கார்ந்தால் தெரியும் வீடு: கொரிய ஹனோக் கஃபேக்களில் ஐந்து நாள்

முதல் நாள், திங்கள். இக்சொன்தொங், சியோல்

ஜொங்னோ சாம்கா ரயில் நிலையத்தின் 4-ஆம் வாசலில் ஏறிச் சாலையைக் கடந்தால் இக்சொன்தொங். குடை பிடித்த இருவர் எதிரெதிரே வந்தால் ஒருவர் குடையைச் சாய்த்தே ஆக வேண்டும், சந்து அவ்வளவு ஒடுக்கம். அதற்குள் நூறு சொச்சம் ஹனோக், அதாவது கொரிய மரபுப் பாணியில் மரத்தால் கட்டிய ஓட்டு வீடுகள். பெரும்பாலானவை இப்போது கஃபே, உணவகம், துணிக்கடை.

முதலில் ஒரு மயக்கத்தைத் தீர்த்துவிடலாம். இவை மன்னர் காலத்து வீடுகள் அல்ல. ஜொங் செக்வொன் என்ற கட்டுமானத் தொழிலதிபர் 1920, 30-களில் பெரிய மனைகளை வாங்கி, துண்டு போட்டு, நடுத்தரக் குடும்பங்களுக்கு விற்கக் கட்டியவை. அப்போது ஜப்பானியர் ஆட்சி. நகரின் தெற்கே இருந்த ஜப்பானியக் குடியிருப்பு வடக்கு நோக்கிப் பரவிக்கொண்டிருந்தது. கொரியர்கள் அந்த இடத்தை விட்டுப் பெயராமல் இருக்க, கைக்கெட்டும் விலையில் சின்ன வீடு தேவைப்பட்டது. பழைய ஹனோக்கின் தூணையும் உத்திரத்தையும் ஓட்டையும் வைத்துக்கொண்டு, கண்ணாடிக் கதவும் மழைநீருக்குத் தகரக் குழாயும் சேர்த்தார்கள். அந்நாளில் அது புதுப்பாணி. இன்று ‘பழமை’ என்று எல்லோரும் படம் எடுப்பது அந்தக் காலத்து ரியல் எஸ்டேட்டைத்தான். அதனால் அதன் மதிப்பு ஒன்றும் குறைந்துவிடவில்லை.

2004-இல் இந்தப் பகுதியை இடித்துப் புதிதாகக் கட்டும் திட்டம் வந்தது, நின்றும் போனது. 2018-இல் சியோல் மாநகரம் இதை ஹனோக் பாதுகாப்புப் பகுதியாக்கி, சங்கிலித்தொடர் கடைகள் நுழையவும் தடை போட்டது. இங்கே ஒவ்வொரு கஃபேவும் தனித்தனி முகத்தோடு இருப்பதற்கு அது முக்கியக் காரணம்.

இப்போது வீட்டுக்குள் போகலாம். இக்சொன்தொங் வீடு பெரும்பாலும் ‘ப’ வடிவம், அல்லது நான்கு பக்கமும் மூடிய சதுரம். நடுவில் முற்றம், கொரியச் சொல் ‘மதாங்’. செடி கொடி இல்லாமல் வெளிர்மணல் பரப்பி முற்றத்தை வெறுமையாக விடுவதுதான் மரபு. அதற்குக் காரணம் இரண்டு. ஆழமான இறவாரம் நேர்வெயிலைத் தடுத்துவிடுவதால், மணலில் பட்டுத் தெறிக்கும் ஒளிதான் அறைக்கு வெளிச்சம். வெறும் தரை சூடாகிக் காற்று மேலெழும்போது வீட்டின் பின்பக்கக் குளிர்காற்று கூடத்தின் வழியே உள்ளே இழுக்கப்படும். சியோலில் கோடை நடுப்பகல் சூரியன் ஏறத்தாழ 76 டிகிரி உயரத்தில் நிற்கும், குளிர்காலத்தில் 29 டிகிரிதான். முன்னதை இறவாரம் தடுக்கும், பின்னதை உள்ளே விடும். கணக்கு அவ்வளவுதான்.

இக்சொன்தொங் கஃபேக்களில் பல இந்த முற்றத்தின் மேல் கண்ணாடிக் கூரை போட்டிருக்கின்றன. மேசை போட இடம் வேண்டுமே, வாடகை அப்படி. விளைவு என்ன? கோடையில் கண்ணாடிக்குக் கீழே புழுக்கம், குளிர்காலத்தில் கண்ணாடியின் உட்பக்கம் நீர் கோத்துச் சொட்டும். காற்று ஓடும் வழி அடைபட்டுவிடும். மண்சுவர்களையும் எடுத்துவிடுவதால் பேச்சொலி கண்ணாடியிலும் செங்கல்லிலும் மோதித் திரும்பும். இப்படிப்பட்ட கடையில் நடு மேசை கிடைத்தாலும் வேண்டாம் என்று சொல்லி, முற்றத்தை ஒட்டிய தாழ்வார ஓரத்தில் இடம் கேளுங்கள். வெளிச்சமும் கிடைக்கும், இரைச்சலும் பாதியாகும்.

இதைவிடப் பெரிய சிக்கல் நாற்காலி. ஹனோக்கின் சன்னல் அடிக்கட்டைக்கு ‘மொரும்’ என்று பெயர். தரையிலிருந்து 30 முதல் 45 செ.மீ. உயரம். தரையில் உட்கார்ந்தவர் முழங்கையை ஊன்றிக்கொள்ள வைத்த அளவு அது. தரையில் உட்கார்ந்தால் கண் சுமார் 75, 80 செ.மீ. உயரத்தில் இருக்கும். 45 செ.மீ. நாற்காலியில் உட்கார்ந்தால் 115-க்கு மேல் போய்விடும். முற்றம், எதிர்த் திண்ணை, ஓட்டு வரிசை, அதற்கு மேல் ஒரு கீற்று வானம் என்று வீடு கட்டியவர் அடுக்கிவைத்த காட்சி அந்த உயரத்தில் குலைந்துபோகும். கண்ணுக்கு எதிரே இறவாரத்தின் அடிப்பக்கம்தான் நிற்கும். ‘படத்தில் பார்த்த மாதிரி இல்லையே’ என்று வருகிறவர்கள் உதட்டைப் பிதுக்குவதற்குப் பாதிக் காரணம் இந்த நாற்பது சென்டிமீட்டர்தான்.

கொரியர்கள் இத்தகைய கடைகளை ‘கம்சொங் கஃபே’ என்பார்கள். ‘கம்சொங்’ என்றால் உணர்வைத் தொடும் தன்மை. ஆனால் தொடுவது வேறு, ஒட்டிக்கொள்வது வேறு. இடப்பற்றை ஆராய்கிறவர்கள் அதை இரண்டாகப் பிரிப்பார்கள். ‘இந்தக் காரியத்துக்கு இந்த இடம்தான் தோது’ என்ற சார்பு ஒன்று. ‘இது என் இடம்’ என்ற அடையாளம் இன்னொன்று. படம் எடுக்க மட்டும் தோதான கடைமேல் வரும் பற்று, அடுத்த தெருவில் இன்னும் அழகான கடை திறக்கும்வரைதான் நிற்கும். இரண்டாவது வகைப் பற்றுக்கு உடம்பும் கொஞ்சம் உழைக்க வேண்டும்: குனிந்து நுழைய வேண்டும், காலணி கழற்ற வேண்டும், சம்மணம் போட வேண்டும்.

கடைக்குள் போனதும் அண்ணாந்து பாருங்கள். உச்சி விட்டத்தில் மையால் எழுதிய ஒரு வரி இருந்தால், அது விட்டம் ஏற்றிய நாள். வரியின் இரு முனைகளிலும் டிராகன், ஆமை என்று பொருள்படும் சீன எழுத்துகள் இருக்கும். இரண்டும் நீர்ப்பிராணிகள் என்பதால் மரவீட்டை நெருப்பிலிருந்து காக்கும் என்பது நம்பிக்கை. ஆண்டைப் பல வீடுகளில் அறுபதாண்டுச் சுழற்சிப் பெயரால் குறித்திருப்பார்கள். நம் பிரபவ, விபவ போலத்தான்.

ஆர்டர் செய்யும் முறையையும் சொல்லிவிடலாம். தொடுதிரையில் ‘மேஜாங்’ என்றால் இங்கேயே, ‘போஜாங்’ என்றால் பார்சல். விலை கூடுதலோ குறைவோ, போஜாங் அழுத்திவிட்டு உட்காராதீர்கள். கடைக்குள் உட்கார்ந்து குடிப்பவருக்கு ஒருமுறை வீசும் பிளாஸ்டிக் கோப்பையில் தரக் கூடாது என்று சட்டம் இருப்பதால் கடைக்காரர்தான் மாட்டிக்கொள்வார். ஆளுக்கு ஒரு பானம் கட்டாயம். மூன்று பேர் போய் இரண்டு காபி வாங்கிப் பகிர்வது நடக்காது. வெளிநாட்டு அட்டையைத் திரை ஏற்கவில்லை என்றால் கவுன்ட்டருக்குப் போனால் போதும்.

இரண்டாம் நாள், செவ்வாய். சொச்சொன்

செவ்வாய்க்கிழமை க்யொங்பொக்குங் அரண்மனைக்கு விடுமுறை. அரண்மனையின் மேற்குப் பக்கம் இருக்கும் சொச்சொனுக்கு இதைவிட நல்ல நாள் இல்லை. கூட்டம் சாங்தொக்குங் அரண்மனைப் பக்கம் போய்விடும் (அதற்குத் திங்களில் விடுமுறை). இங்குள்ள சிறு கடைகள் பலவும் திங்களில் அடைத்துச் செவ்வாயில் திறக்கும். க்யொங்பொக்குங் நிலையம், 2-ஆம் வாசல், அங்கிருந்து நேர் வடக்கே நடை. கூகுள் மேப்பின் நடைவழியை மட்டும் நம்பி வந்தால் தெருவில் நிற்க நேரலாம். கொரிய வரைபடச் செயலியான நேவர் மேப்பை முதல் நாளே இறக்கிக்கொள்ளுங்கள், ஆங்கிலத்திலும் வரும்.

சொச்சொனில் கவிஞர் யீ சாங் (1910–1937) சிறுவயதிலிருந்து வாழ்ந்த மனையில் ஒரு சின்ன இடம் இருக்கிறது, நுழைவுக் கட்டணம் இல்லை. கொரியக் காபிக்கடைக் கதை தெரிய வேண்டுமானால் இங்கிருந்து தொடங்கலாம். கட்டடக்கலை படித்த யீ சாங் 1933-இல் ஜொங்னோவில் ‘ஜேபி’ என்று ஒரு ‘தபாங்’ திறந்தார். ஜேபி என்றால் தகைவிலான் குருவி, தபாங் என்றால் தேநீர் அறை. எழுத்தாளர்களும் ஓவியர்களும் வந்து உட்கார்ந்தார்கள், காசு வரவில்லை, இரண்டே ஆண்டில் மூடினார். ஒரே கோப்பையை வைத்துக்கொண்டு மாலை முழுதும் உட்கார்ந்திருக்கும் வழக்கம் இன்ஸ்டாகிராமுக்கு முன்பே வந்துவிட்டது.

பக்கத்திலேயே 1951-இல் தொடங்கிய தேஒ புத்தகக்கடை. பழைய புத்தகக்கடையாகப் பல காலம் ஓடி, பிறகு கஃபேயாகவும் ஆனது. உள்ளே போக ஒரு பானம் வாங்க வேண்டும். காபியின் சுவைக்காக யாரும் இங்கே வருவதில்லை, அதை எதிர்பார்த்தும் வராதீர்கள். தெருப்பக்கம் அறை, அதைத் தாண்டினால் முற்றம், அதைச் சுற்றிக் குடும்பம் புழங்கிய அறைகள். புழங்கிய வீடு என்பது பார்த்தவுடன் தெரியும். கதவுத் தாளில் ஒட்டுப்போட்ட இடம், தேய்ந்த படி. அலங்கரிப்பவர் கொண்டுவர முடியாதது இந்தத் தேய்மானம்தான்.

இங்கிருந்து பேருந்தில் திரும்புவதானால் காபியைக் குடித்து முடித்துவிட்டு ஏறுங்கள். சியோல் நகரப் பேருந்துகளில் திறந்த கோப்பையோடு ஏற 2018 முதல் அனுமதி இல்லை. ஓட்டுநர் கையை நீட்டித் தடுத்துவிடுவார்.

மூன்றாம் நாள், புதன். புக்சொன்

அங்குக் நிலையம், 2-ஆம் வாசல். சியோலின் இன்னொரு ஹனோக் பேட்டையான புக்சொனில் நேரம்தான் எல்லாம். ‘புக்சொன்-ரோ 11-கில்’ என்ற சந்து ‘சிவப்பு மண்டலம்’. சுற்றுலாப் பயணிகள் காலை 10 முதல் மாலை 5 வரைதான் நடக்கலாம். 2024 நவம்பரில் சோதனையாகத் தொடங்கி, 2025 மார்ச் முதல் மீறுவோருக்கு ஒரு லட்சம் வொன் அபராதம். அங்கே குடியிருப்பவர்கள், விடுதியில் தங்குபவர்களுக்கு விலக்கு உண்டு. எல்லாப் படத்திலும் வரும் அந்தச் சரிவுச் சந்தில் இன்னும் மக்கள் வாழ்கிறார்கள். விடியற்காலையில் பெட்டி உருட்டும் சத்தம், வாசற்கதவைத் திறந்து எட்டிப் பார்க்கும் தலைகள் என்று பல ஆண்டு பொறுத்துப் பார்த்த பிறகுதான் இந்த விதி வந்தது. ஆகவே காலை பத்துக்குச் சந்து, அதன்பின் தேநீர் என்று வைத்துக்கொள்ளுங்கள். மாறிச் செய்தால் தேநீரில் நேரம் போய் ஐந்து மணியைத் தவறவிடுவீர்கள்.

ஏனென்றால் புக்சொனில் செய்ய வேண்டியது காபி அல்ல, பச்சைத் தேநீர். பழைய முறைத் தேநீரகங்களில் கவுன்ட்டரில் வரிசை கிடையாது. வாசல் கல்லில் காலணியைக் கழற்றி, ‘பாங்சொக்’ என்ற திண்டில் உட்கார வேண்டும். பட்டியல் மேசைக்கு வரும், பணம் போகும்போது. ஒருவருக்கு ஏறத்தாழ 7,000 முதல் 10,000 வொன். அமெரிக்கானோவைவிடக் கூடுதல்தான், ஆனால் வெந்நீர் மீண்டும் மீண்டும் கிடைக்கும். டிப்ஸ் வைக்கும் பழக்கம் இல்லை.

தட்டில் வருபவை: பிடி வைத்த சிறு தேநீர்க்குடம், மூக்கு வைத்த அகலக் கிண்ணம் (‘சுகு’), கோப்பை, இலை, ஒரு பிளாஸ்க் வெந்நீர். முதல்முறை வருபவர்கள் பலர் செய்யும் தவறு, பிளாஸ்க் நீரை நேராக இலைமேல் ஊற்றுவது. அது கொதிநிலையை ஒட்டிய சூடு. இலை கசந்து, நாக்கு வரண்டு, ‘கொரியத் தேநீர் இவ்வளவுதானா’ என்று ஆகிவிடும். சுகு எதற்கு இருக்கிறது? முதலில் வெந்நீரை அதில் ஊற்றி, உள்ளங்கையில் ஏந்த முடிகிற அளவுக்கு ஆறவிடுங்கள். 70, 75 டிகிரிக்கு இறங்கியிருக்கும். 150 மில்லி நீருக்கு 3 கிராம் இலை. முதல் ஊற்றுக்கு ஒரு நிமிடம். பிறகு கோப்பைகளில் மாற்றி மாற்றி ஊற்ற வேண்டும். ஒன்றை நிரப்பி அடுத்ததற்குப் போனால் முதல் கோப்பை நீர்த்தும் கடைசிக் கோப்பை கடுப்பாகவும் இருக்கும். குடத்தில் ஒரு சொட்டும் மிஞ்சக் கூடாது, மிஞ்சினால் அடுத்த ஊற்று கெடும். இலை விரிந்துவிட்டதால் இரண்டாம் ஊற்றுக்கு அதில் பாதி நேரம் போதும். மூன்றாவதற்கு மறுபடி கூட்டுங்கள்.

மூன்று ஊற்று முடிய நாற்பது நிமிடமாவது ஆகும். முற்றத்தில் நிழல் ஒரு சாண் நகர்ந்திருக்கும். புக்சொன் தேநீரகம் ஒட்டிக்கொள்வது இந்த இடைவெளியில்தான். ஆறட்டும் என்று காத்திருக்கும் கைக்கு வேறு வேலை இல்லை, கண்தான் வீட்டைப் பார்த்துக்கொண்டிருக்கும். இதே வீட்டில் மூன்று நிமிடத்தில் தயாராகும் லாத்தே வாங்கிக் குடித்தவரிடம் ஒரு மாதம் கழித்துக் கேட்டால் கோப்பையின் படத்தைக் காட்டுவார், முற்றம் எந்தப் பக்கம் இருந்தது என்று சொல்லத் தெரியாது.

முழங்கால் வலிக்காரர்கள் தயங்க வேண்டாம். சுவரோரமாக உட்கார்ந்து முதுகைச் சாய்த்துக்கொள்ளலாம், மேசைக்கடியில் காலை நீட்டுவதைச் சின்னக் கடைகளில் யாரும் குற்றமாக எடுத்துக்கொள்வதில்லை. ஓட்டை இல்லாத காலுறை மட்டும் கட்டாயம். தரையடி வெப்பமான ‘ஒந்தொல்’ இப்போது வெந்நீர்க் குழாயில் ஓடுகிறது, அடுப்புப் புகையில் அல்ல. அதனால் முன்போல் ஒரு மூலை மட்டும் கொதிப்பதில்லை.

நான்காம் நாள், வியாழன். ஜொன்ஜு

சியோலின் யொங்சான் நிலையத்திலிருந்து கேடிஎக்ஸ் அதிவேக ரயில், ஒன்றரை முதல் இரண்டு மணி நேரம். ஜொன்ஜு ஹனோக் கிராமம் என்கிறார்கள், ஆனால் இது நகரின் நடுப்பேட்டை, எழுநூறு வீட்டுக்கு மேல். இதுவும் 1930-களில்தான் திரண்டது. நகர மதில் இடிந்ததும் ஜப்பானிய வணிகர்கள் உள்ளே வர, கொரியர்கள் க்யோதொங், புங்னம்தொங் பகுதிகளில் தங்கள் பாணி வீடுகளை நெருக்கமாகக் கட்டிக்கொண்டார்கள். இக்சொன்தொங்கில் கேட்ட அதே கதை, வேறு ஊர்.

தேஜோ-ரோ பெரிய தெருவைப் பகலில் தவிர்த்துவிடுங்கள். வாடகை ஹன்பொக் (கொரிய மரபு உடை), குச்சியில் குத்திய தின்பண்டம், உருளும் மின்வண்டி என்று திருவிழாக் கூட்டம். ஒமொக்தே மேட்டில் ஏறி ஓட்டு வரிசையை மேலிருந்து ஒருமுறை பார்த்துவிட்டு, பக்கச் சந்துகளுக்குள் இறங்கினால் சத்தம் அறுந்துவிடும். க்யோதொங் தவொன் அப்படி ஒரு சந்துக்குள் இருக்கும் தேநீரகம், பாதி புளிக்கவைத்த ‘ஹ்வாங்ச்சா’ என்ற மஞ்சள் தேநீருக்குப் பேர்போனது. கசப்பு குறைவு, சூட்டையும் தாங்கும். புக்சொன் பாடத்தில் தோற்றவர்கள் இங்கே ஜெயிக்கலாம்.

ஜொன்ஜுவில் கட்டாயம் குடிக்க வேண்டியவை இரண்டு. ஒன்று இலந்தை வகைப் பழத்தில் செய்யும் ‘தேச்சு-ச்சா’. முறையாகச் செய்தால் அரைக் கிலோ உலர்பழத்தை மூன்று லிட்டர் நீரில் மூன்று, நான்கு மணி நேரம் மெல்லிய தீயில் வேகவைத்து, மசித்து, கொட்டையும் தோலும் போகச் சல்லடையில் தேய்த்து, மறுபடி சுண்டவைப்பார்கள். கரண்டியால் கிளறினால் கஞ்சிபோல் மெல்ல அசையும், அடி தெரியாது. அடி தெரிந்து தேன்பாகுபோல் இனித்தால் அது புட்டியிலிருந்து வந்தது.

இன்னொன்று ‘சங்ஹ்வா-ச்சா’. அதிமதுரம், இலவங்கப்பட்டை, இஞ்சி, பியோனி வேர் என்று பல மூலிகைகளைக் காய்ச்சிய கறுப்புக் கஷாயம், மேலே பூசணி விதை, பைன் கொட்டை. தபாங் பாணியில் வேகவைக்காத முட்டையின் மஞ்சள் கருவும் மிதக்கும். 1952-இல் தொடங்கிய சம்யாங் தபாங்கில் அந்தப் பாணியைப் பார்க்கலாம், ஹனோக் கிராமத்திலிருந்து நடைதூரம். கருவை ஆறவிடாதீர்கள். சூட்டில் ஓரம் வெந்ததும் கரண்டியில் எடுத்து ஒரே வாயாக விழுங்கிவிட வேண்டும். அப்புறம் கஷாயம். கலக்கிவிட்டால் இரண்டும் கெடும்.

கொரியாவில் வாடிக்கையாக வருபவரை ‘தன்கொல்’ என்பார்கள். இந்தத் தென்மேற்குப் பகுதியில் தன்கொல் என்பது தலைமுறை தலைமுறையாக ஒரு குடும்பத்துக்குச் சடங்கு செய்துதரும் பூசாரியையும் குறித்தது. அந்தச் சொல்தான் கடைக்கும் வாடிக்கைக்கும் இடையிலான உறவுக்கு வந்தது என்பார்கள். ஒருமுறை வந்துபோகும் பயணி தன்கொல் ஆக முடியாது. ஆனால் ஒரே நாளில் ஆறு கஃபே ஏறி இறங்குவதைவிட, ஒரே கடைக்குக் காலையும் மாலையும் போனால் இரண்டாம் முறை வரவேற்பு மாறியிருப்பதைக் கவனிக்கலாம். அதற்காகவே இங்கே ஓர் இரவு தங்க வேண்டும். ஆறு மணிக்கு மேல் பகல்கூட்டம் பேருந்தேறிவிடும். ஓட்டுக்குக் கீழே காகிதக் கதவுகள் உள்விளக்கில் மஞ்சளாகத் தெரியும்.

ஐந்தாம் நாள், வெள்ளி. க்யொங்ஜு

ஜொன்ஜுவிலிருந்து க்யொங்ஜுவுக்கு நேர் ரயில் இல்லை. ஓசொங்கில் இறங்கி கேடிஎக்ஸ் மாற வேண்டும். க்யொங்ஜு நிலையம் நகருக்கு வெளியே இருக்கிறது. அங்கிருந்து நகரப் பேருந்துக்கு அரைமணி நேரம் ஒதுக்குங்கள்.

ஹ்வாங்னிதன்-கில் பத்தாண்டுக்கு முன் யாரும் திரும்பிப் பார்க்காத தெரு. ஹ்வாங்னம்தொங் என்ற பேட்டைப் பெயரையும், சியோலில் பிரபலமான க்யொங்னிதன்-கில் தெருவின் பெயரையும் ஒட்டவைத்த பெயர் அது. ஒட்டுப்பெயர் என்று சிரித்தாலும் இடம் அசல். பழைய சில்லா அரசின் மன்னர்களுடைய புல்மேடுக் கல்லறைகள் தெருவுக்குப் பின்னாலேயே. தேருங்வொன் தோட்டத்துக்கு 2023 மே முதல் கட்டணம் இல்லை. உள்ளே 1973-இல் அகழ்ந்த சொன்மாச்சொங் கல்லறைக்கு மட்டும் 3,000 வொன். தொல்பொருள் பகுதி என்பதால் உயரக் கட்டடம் எழும்ப முடியாது. பல கஃபே சன்னல்களில் வானமும் மேடும் கிடைப்பது அந்த விதியால்தான்.

சியோலின் ஹனோக் கஃபே உள்பக்கம் முற்றத்தைப் பார்க்கும். க்யொங்ஜுவில் கஃபே வெளியே பார்க்கிறது. ஆகவே இங்கே கடையின் அழகைத் தேட வேண்டாம், சன்னலைத் தேடுங்கள். மரக்கூடும் ஓடும் புதிதாக இருந்தாலும் பரவாயில்லை. தேருங்வொன் அருகே ஓட்டுக்கூரை போட்ட ஸ்டார்பக்ஸ் ஒன்று உண்டு, தரையில் உட்காரும் இடமும் வைத்திருக்கிறார்கள். சங்கிலிக்கடை என்று ஒதுக்கிவிடத் தோன்றும். ஆனால் உட்காரும் உயரத்தைச் சரியாக வைத்த சங்கிலிக்கடை, முற்றத்தைக் கண்ணாடியால் மூடிய தனிக்கடையைவிட ஹனோக்குக்கு நெருக்கம் என்பதை மறுக்க முடியாது.

கொறிக்க ஹ்வாங்னம்-பாங், 1939 முதல் இந்த ஊரில் செய்யும் சிவப்புப் பயற்றுப்பூரண ரொட்டி. வெளித்தோல் காகித மெல்லிசு, மற்றதெல்லாம் பூரணம். கசப்பான காபிக்கு நல்ல ஜோடி. தெருவில் வரிசை நிற்கும் சீஸ் ரொட்டி பத்து வொன் நாணயத்தின் அச்சு. நாணய வடிவத்தை அனுமதியின்றிப் பயன்படுத்தியதற்காகக் கொரிய மத்திய வங்கியே 2023-இல் முறைத்தது.

அக்டோபர் கடைசியில் இங்கே ஐந்தரை மணியளவில் சூரியன் விழுந்துவிடும். சன்னலோர இடம் வேண்டுமானால் நாலு மணிக்கே உட்கார்ந்துவிடுங்கள். விளக்கு முதுகுக்குப் பின்னால் இருக்கும் இடத்தைத் தவிர்க்கவும். இருட்டத் தொடங்கியதும் கண்ணாடியில் விளக்கும் நம் முகமும்தான் தெரியும், மேடு மறைந்துவிடும். தலைக்கு மேல் விளக்கில்லாத மூலையில், தரைத் திண்டில் உட்கார்ந்தால் புல்மேட்டின் விளிம்புக்கோடு வானம் முழுதாகக் கறுக்கும்வரை நிற்கும். கடைசி ஆர்டர் பெரும்பாலும் மூடுவதற்கு அரைமணி முன். ரயில் நிலையப் பேருந்து மாலையில் நிறைந்து வரும், அடுத்ததற்கும் நேரம் வைத்துக்கொண்டு எழுந்திருங்கள்.